ஜி.எஸ்.டி. குறைந்தும் பழைய விலைதானா? செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

"சிங்கிள் ஓனர் ப்ரோ. ஆபீஸ் போயிட்டு வர மட்டும்தான் ஓட்டினது. ஒரு தடவை கூட கீழே விழல. பேப்பர் எல்லாம் பக்கா. நேம் டிரான்ஸ்ஃபர் மெதுவா பண்ணிக்கலாம்."

செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் பைக் பார்க்கப் போகிற யாரும் இந்த ஐந்து வரிகளைக் கேட்காமல் திரும்ப முடியாது. முதல் நான்கும் உண்மையாகவே இருக்கலாம். நேரில் பார்த்து, பேப்பரைச் சரிபார்த்து அதை உறுதி செய்துகொள்ளவும் முடியும். ஆபத்து இருப்பது கடைசி வரியில். அந்த 'மெதுவா' என்ற ஒரு வார்த்தை, வாங்கியவர் குடும்பத்தையும் விற்றவர் குடும்பத்தையும் ஒருசேரக் கோர்ட் வாசலில் நிறுத்தக்கூடியது.

2025 செப்டம்பர் 22 முதல் பைக்குகளுக்கான ஜி.எஸ்.டி. மாறிய பிறகு, பழைய வண்டிகளின் விலைக் கணக்கும் மாறிவிட்டது. ஆனால், விற்பவர்கள் பலர் இன்னும் பழைய விலையை வைத்தே பேரம் பேசுகிறார்கள். ஸ்போர்ட்ஸ் பைக்கில் விற்பவர் கேட்கும் விலை ஒன்று, வாங்குபவர் கடைசியில் கொடுக்கும் விலை வேறொன்று. இரண்டுக்கும் நடுவில் என்னென்ன இருக்கின்றன? விரிவாகப் பார்க்கலாம்.

ஜி.எஸ்.டி. மாற்றத்தால் என்ன ஆனது?

முன்பு 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு 28 சதவீதம் ஜி.எஸ்.டி. இருந்தது. இப்போது 18 சதவீதம். 350 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு முன்பு 28 சதவீத ஜி.எஸ்.டி.யும் 3 சதவீத செஸ்ஸும் சேர்த்து 31 சதவீதம் இருந்தது. இப்போது 40 சதவீதம்.

இந்த 350 சிசி கோடுதான் ஸ்போர்ட்ஸ் பைக் சந்தையை இரண்டாகப் பிரிக்கிறது. யமஹா ஆர்15, கே.டி.எம். ஆர்சி 200, டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்ஆர் 310, கவாசாகி நிஞ்ஜா 300 எல்லாம் கோட்டுக்குக் கீழே. 373 சிசி இன்ஜின் கொண்ட கே.டி.எம். ஆர்சி 390 கோட்டுக்கு மேலே.

உதாரணத்துக்கு, வரிக்கு முன் 2 லட்சம் ரூபாய் அடக்கமுள்ள 350 சிசிக்கு உட்பட்ட ஒரு பைக்கை எடுத்துக்கொள்வோம். பழைய வரியில் அதன் விலை ரூ.2,56,000. புதிய வரியில் ரூ.2,36,000. ஒரே நாளில் 20 ஆயிரம் ரூபாய் இறங்கிவிட்டது. அதாவது ஏறக்குறைய 8 சதவீதம். சாலை வரியும் வண்டி விலையின் சதவீதமாகவே வசூலிக்கப்படுவதால், ஆன்ரோடு விலையில் வித்தியாசம் இன்னும் கொஞ்சம் கூடும்.

350 சிசிக்கு மேல் இது தலைகீழ். வரிக்கு முன் 2 லட்சம் என்றால், முன்பு ரூ.2,62,000 ஆக இருந்தது இப்போது ரூ.2,80,000. எனவே புது வண்டி எட்டாதவர்கள் பழைய வண்டி பக்கம் வருவார்கள். இந்த வகையில் செகண்ட் ஹேண்ட் விலை சட்டென்று இறங்காமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

வரி உயர்வை நிறுவனமே கொஞ்ச காலம் ஏற்றுக்கொள்வதும் உண்டு. அதனால் பழைய வண்டியைப் பார்க்கக் கிளம்பும் முன், அதே மாடலின் இன்றைய புது விலையை ஷோரூமில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

"நான் வாங்கினதே அவ்ளோ ரேட்டு" என்றால்?

விற்பவர் இரண்டு வருடத்துக்கு முன் என்ன விலை கொடுத்தார் என்பது அவருடைய கவலை. இன்று அதே வண்டி புதிதாக என்ன விலை என்பதில் இருந்துதான் பழைய வண்டியின் மதிப்பு தொடங்குகிறது. இன்சூரன்ஸ் நிறுவனங்களும் இதே முறையில்தான் கணக்கிடுகின்றன. பாலிசியில் ஐ.டி.வி. என்று ஒரு தொகை இருக்கும். வண்டி திருடு போனாலோ மொத்தமாகச் சேதமானாலோ கிடைக்கக்கூடிய மதிப்பு அது. அந்த மாடலின் தற்போதைய விற்பனை விலையில் இருந்து வயதுக்கு ஏற்பத் தேய்மானத்தைக் கழித்து இதைப் போடுவார்கள்.

தேய்மானம் எவ்வளவு?

• 6 மாதம் வரை: 5 சதவீதம்
• 6 மாதம் முதல் 1 வருடம் வரை: 15 சதவீதம்
• 1 முதல் 2 வருடம்: 20 சதவீதம்
• 2 முதல் 3 வருடம்: 30 சதவீதம்
• 3 முதல் 4 வருடம்: 40 சதவீதம்
• 4 முதல் 5 வருடம்: 50 சதவீதம்

மேலே சொன்ன அதே உதாரணத்தில் வண்டிக்கு மூன்றரை வயது என்று வைத்துக்கொண்டால், பழைய வரி விலைப்படி மதிப்பு ரூ.1,53,600. புதிய விலைப்படி ரூ.1,41,600. வண்டியில் ஒரு கீறல்கூட விழாமல் 12 ஆயிரம் ரூபாய் குறைந்திருக்கிறது. பேரத்தை இங்கே இருந்து ஆரம்பிக்கலாம்.

நன்றாகப் பராமரித்த வண்டிக்கு இதைவிடக் கூடுதலாகக் கொடுப்பதில் தப்பில்லை. ஆனால், எதற்காகக் கூடுதல் என்று விற்பவர் காட்ட வேண்டும். புது டயரா, புது செயின் ஸ்ப்ராக்கெட்டா, முழு சர்வீஸ் பில்லா? காட்ட எதுவும் இல்லாமல் "வண்டி கண்டிஷன் ப்ரோ" என்பதற்காக மட்டும் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

கன்சல்டிங்கில் வாங்கினால் 18 சதவீத வரி கூடுமா?

2024 டிசம்பரில் ஜெய்சல்மரில் நடந்த ஜி.எஸ்.டி. கவுன்சில் கூட்டத்துக்குப் பிறகு, "பழைய வண்டிக்கும் 18 சதவீத வரி" என்ற செய்தி வாட்ஸ்அப்பில் பரவியது. அதில் பாதிதான் உண்மை. பதிவு பெற்ற வியாபாரி விற்கும்போது, அவருக்குக் கிடைக்கும் லாபத்துக்கு மட்டும்தான் அந்த 18 சதவீதம். 1 லட்சத்துக்கு வாங்கிய வண்டியை 1 லட்சத்து 10 ஆயிரத்துக்கு விற்றால், வரி அந்த 10 ஆயிரத்துக்குத்தான். முழு விலைக்கும் வரி என்று யாராவது பில் போட்டால் கேள்வி கேட்கலாம். ஒரு தனிநபர் இன்னொரு தனிநபருக்கு விற்கும்போது இந்த வரியே கிடையாது.

ஸ்போர்ட்ஸ் பைக் என்றால் மட்டும் ஏன் இவ்வளவு கவனம்?

97 சிசி ஸ்ப்ளெண்டரின் இன்ஜின் சக்தி சுமார் 8 பி.எஸ். கே.டி.எம். ஆர்சி 390-ல் அது சுமார் 43 பி.எஸ். ஐந்து மடங்குக்கும் மேல். ஐரோப்பிய நாடுகளில் புதிதாக லைசென்ஸ் எடுத்தவர் எவ்வளவு சக்தியுள்ள பைக்கை ஓட்டலாம் என்பதற்குப் படிப்படியான வரம்பு இருக்கிறது. இந்தியாவில் அப்படி இல்லை. 18 வயதில் கியர் வண்டி லைசென்ஸ் வாங்கியவர், மறுநாளே 390-ஐ ஓட்டலாம். சட்டம் தடுக்காது. லட்சக்கணக்கில் கொடுத்துப் புது வண்டி வாங்க முடியாத வயதில் இருப்பவருக்கு, இந்த வேகம் பெரும்பாலும் செகண்ட் ஹேண்ட் சந்தை வழியாகத்தான் வருகிறது.

2022-ல் நாடு முழுக்க சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இவர்களில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம். பழைய பைக்கில் தேய்ந்த டயர், வளைந்த ஃபோர்க், வேலை செய்யாத பிரேக் என்றால் அது பணப் பிரச்னையோடு முடிவதில்லை.

அதனால் விலைக்கு முன்பே கேட்க வேண்டிய முதல் கேள்வி: ஏ.பி.எஸ். இருக்கிறதா? 125 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளில், புதிய மாடல்களுக்கு 2018 ஏப்ரல் 1 முதலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2019 ஏப்ரல் 1 முதலும்தான் ஏ.பி.எஸ். கட்டாயமானது. அதற்கு முந்தைய வண்டிகள் பலவற்றில் இது இருக்காது. 2018-ல் வந்த ஆர்15 வி3 கூட முதலில் ஏ.பி.எஸ். இல்லாமல்தான் விற்பனைக்கு வந்தது. ஒரே பெயர், ஒரே தோற்றம் என்று நம்பிவிடக் கூடாது. சாவி போட்டதும் மீட்டரில் ஏ.பி.எஸ். விளக்கு எரிந்து, வண்டி நகர ஆரம்பித்ததும் அணைய வேண்டும். அணையாவிட்டாலும் கோளாறு. எரியவே இல்லை என்றாலும் சந்தேகப்பட வேண்டும்.

நேரில் பார்க்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பகலில் போக வேண்டும். "நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சூடான இன்ஜின் பல சத்தங்களை மறைத்துவிடும். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆகத் திணறுகிறதா, டக்டக் என்று சத்தம் வருகிறதா, புகை வெள்ளையாகவோ நீலமாகவோ தொடர்ந்து வருகிறதா என்று கவனிக்கலாம். கையில் ஒரு நல்ல மெக்கானிக் இருந்தால் கூட்டிப் போவது அதைவிட நல்லது.

கீழே விழுந்த வண்டியை ஃபேரிங் மறைத்துவிடும். புது பெயின்ட், புது ஸ்டிக்கர் பார்த்து மயங்காமல், மாற்ற மறந்துபோகும் இடங்களைப் பார்க்க வேண்டும்:

• கிளட்ச், பிரேக் லிவர் முனை, ஹேண்டில்பார் முனை, ஃபுட்ரெஸ்ட், சைலன்சர் ஓரம். இங்கே தேய்ந்த தடம் இருந்தால் வண்டி விழுந்திருக்கிறது.

• ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பினால் அது சேஸிஸில் உள்ள ஸ்டாப்பரில் போய் நிற்கும். அந்த ஸ்டாப்பர் உடைந்தோ, வளைந்தோ, வெல்டிங் வைத்தோ இருந்தால் பெரிய அடி பட்டிருக்கலாம்.

• முன் ஃபோர்க்கை அமுக்கிப் பார்த்தால் ஆயில் கசியக் கூடாது. நேராகப் போகும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கக் கூடாது.

• டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. பட்டன் நிறைய இருந்தாலும் ரப்பர் வயதாகி வெடித்திருந்தால் டயர் மாற்றும் செலவை விலையில் கழிக்க வேண்டும்.

• ரேடியேட்டர் உள்ள வண்டியில் கூலண்ட் அளவு, கசிவு, ஃபேன் ஓடுகிறதா என்பதைப் பார்க்க வேண்டும். ஐந்து பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டால் தெரிந்துவிடும்.

• டிஜிட்டல் மீட்டரையும் குறைக்க முடியும். சர்வீஸ் பில்களில் உள்ள கிலோமீட்டரோடு ஒப்பிடுவதே பாதுகாப்பு. மீட்டர் 12 ஆயிரம் காட்டும்போது பிரேக் டிஸ்க் ஆழமாகத் தேய்ந்து, ஃபுட்ரெஸ்ட் ரப்பர் மொழுமொழு என்றிருந்தால் கணக்கு இடிக்கிறது என்று அர்த்தம்.

• 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயம். அதற்குப் பதில் ஃபேன்சி பிளேட் மாட்டியிருந்தால், ஒரிஜினல் எங்கே என்று கேட்க வேண்டும்.

பேப்பரில் எதைச் சரிபார்க்க வேண்டும்?

ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் வண்டியில் அடித்திருக்கும் நம்பரோடு ஒவ்வொரு எழுத்தாகப் பொருந்த வேண்டும். சுரண்டியது போலவோ, மறுபடி அடித்தது போலவோ இருந்தால் அங்கேயே திரும்பிவிடலாம். திருட்டு வண்டி என்று தெரிந்தோ, தெரிந்துகொள்ளக் காரணம் இருந்தோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவின்கீழ் குற்றம். சந்தை விலையில் பாதிக்கு ஒரு 390 கிடைக்கிறது என்றால், அந்த விலையே ஒரு எச்சரிக்கைதான். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 'வாகன் சமன்வய்' சேவையில் திருட்டு வண்டி பட்டியலில் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கலாம்.

எம்பரிவாஹன் ஆப்பில் நம்பரைப் போட்டால் பதிவு தேதி, எந்த ஆர்.டி.ஓ., இன்சூரன்ஸ் எப்போது முடிகிறது போன்ற விவரங்கள் தெரியும். நிலுவையில் உள்ள இ-சலான் அபராதங்களையும் இணையத்திலேயே பார்க்கலாம். அந்த அபராதத்தைக் கட்டி முடித்த ரசீதைப் பார்த்த பிறகே பணம் கொடுப்பது நல்லது.

ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் நிறுவனத்தின் பெயர் இருந்தால், கடன் முடியவில்லை அல்லது முடிந்தும் நீக்கவில்லை. வங்கியின் என்.ஓ.சி.யும் ஃபார்ம் 35-ம் கொடுத்து ஆர்.டி.ஓ.வில் அதை நீக்க வேண்டும். "டியூ முடிஞ்சிடுச்சு" என்ற வாய்வார்த்தை போதாது. வெளிமாநில வண்டி என்றால் அந்த மாநில ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்று, அதாவது ஃபார்ம் 28 வேண்டும். இங்கே மறுபடி சாலை வரி கட்டவும் வேண்டும். விலை குறைவாக இருக்கிறதே என்று பக்கத்து மாநில வண்டிக்கு ஆசைப்படுபவர்கள் இந்த வரியையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

பெயர் மாற்றவில்லை என்றால் யாருக்கு என்ன ஆகும்?

கையெழுத்துப் போட்ட ஃபார்ம் 29, ஃபார்ம் 30 இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டு, ஆர்.டி.ஓ. பக்கமே போகாமல் ஓட்டுவது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. ஸ்போர்ட்ஸ் பைக் சீக்கிரம் சீக்கிரம் கைமாறும். ஆறு மாதம் ஓட்டிவிட்டு அடுத்தவருக்குத் தள்ளிவிடலாம் என்று நினைப்பவர், நடுவில் தன் பெயரில் மாற்ற ஏன் செலவு செய்ய வேண்டும் என்று யோசிக்கிறார். இப்படியே மூன்று பேர் கை மாறியும் ஆர்.சி.யில் முதல் ஓனர் பெயரே இருக்கும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-வது பிரிவுப்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். விற்றவரின் அறிவிப்பு ஃபார்ம் 29, பெயர் மாற்ற விண்ணப்பம் ஃபார்ம் 30.

விற்றவருக்கு என்ன ஆபத்து? 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் ஒரு வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது. அந்த வழக்கில் ஒரு காரை அதன் உரிமையாளர் 2007-லேயே விற்றுவிட்டார். அதன்பிறகு அது வேறு சிலர் கைக்கும் போனது. ஆர்.சி.யில் பெயர் மட்டும் மாறவில்லை. 2009-ல் அந்தக் கார் விபத்தில் சிக்கியது. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டத்தின் பார்வையில் உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று கோர்ட் தீர்ப்பளித்தது. விபத்தில் பாதிக்கப்பட்டவர், வண்டி எத்தனை பேர் கை மாறியது என்று தேடி அலைய வேண்டியதில்லை என்பது அதன் சாரம். விற்ற தேதி எழுதிய டெலிவரி ரசீதும் போட்டோவும் போலீஸ் விசாரணையில் உதவலாம். ஆனால், இழப்பீட்டுப் பொறுப்பில் இருந்து அவை மட்டுமே காப்பாற்றாது.

வாங்கியவருக்கு என்ன ஆபத்து? இதைப் பற்றித்தான் அதிகம் பேசப்படுவதில்லை. இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று நினைத்தால், அதை மூன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, மூன்றாம் நபர் காப்பீடு. வண்டி மோதி அடிபட்ட இன்னொருவருக்கானது. வண்டி கைமாறும்போது இது வாங்கியவருக்கு மாறிவிட்டதாகவே சட்டத்தின் 157-வது பிரிவு எடுத்துக்கொள்கிறது. ஆனாலும் பாலிசியில் பெயர் மாற்ற 14 நாட்களுக்குள் வாங்கியவர் விண்ணப்பிக்க வேண்டும்.

இரண்டு, சொந்த வண்டிச் சேதத்துக்கான காப்பீடு. இது தானாக மாறாது. பாலிசி பழைய ஓனர் பெயரில் இருக்க, புது ஓனரின் வண்டி திருடு போனாலோ நொறுங்கினாலோ கிளைம் சிக்கலாகிவிடும். பழைய ஓனர் சேர்த்து வைத்த நோ கிளைம் போனஸும் அவருடையதே, வண்டியுடையது அல்ல.

மூன்று, உரிமையாளர் ஓட்டும்போது இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ கிடைக்கும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு. இதைப் பெற, ஓட்டியவர் வண்டியின் பதிவு பெற்ற உரிமையாளராகவும், பாலிசியில் பெயர் உள்ளவராகவும், செல்லுபடியாகும் லைசென்ஸ் வைத்திருப்பவராகவும் இருக்க வேண்டும். பெயர் மாற்றாத பைக்கில் ஒரு இளைஞர் தானாகச் சறுக்கி விழுந்து இறந்தால், ஆர்.சி.யும் வேறு பெயர், பாலிசியும் வேறு பெயர். மூன்றாம் நபர் காப்பீடு அவருக்கானதே இல்லை. அந்த வீட்டுக்கு 15 லட்சமும் வராது. 'மெதுவா பண்ணிக்கலாம்' என்பதன் உண்மையான விலை இதுதான்.

அப்பா பெயரில் வாங்கலாமா?

பல வீடுகளில் மகன் கேட்க, அப்பா பெயரில் வண்டி வருகிறது. சட்டப்படி தப்பில்லை. ஆனால், மேலே சொன்ன 15 லட்சம் காப்பீடு அப்பாவுக்குத்தான், ஓட்டுகிற மகனுக்கு இல்லை. தினமும் ஓட்டப்போவது மகன்தான் என்றால், 18 வயது முடிந்து லைசென்ஸும் இருந்தால், அவர் பெயரிலேயே பதிவு செய்வது பாதுகாப்பு. இல்லாவிட்டால் அவருக்குத் தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுத்துவிட வேண்டும்.

18 வயது ஆகாத பையனிடம் சாவி போனால் கதையே வேறு. சட்டத்தின் 199ஏ பிரிவில் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25 ஆயிரம் ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். அந்தப் பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. வாங்கியவர் தன் 16 வயது மகனிடம் வண்டியைக் கொடுத்து, ஆர்.சி.யில் இன்னும் பழைய ஓனர் பெயரே இருந்தால், முதல் போன் யாருக்குப் போகும்? தனக்குத் தெரியாமல் நடந்தது என்று நிரூபிக்கும் வேலை, வண்டியை எப்போதோ விற்றவர் தலையில் விழும்.

கன்சல்டிங்கில் விற்றால் பொறுப்பு யாருக்கு?

கன்சல்டிங் கடையில் வண்டியை விட்டுவிட்டு வருபவர்களுக்கும் இதே பயம் உண்டு. இதற்காக 2023 ஏப்ரல் 1 முதல் ஒரு விதி அமலில் இருக்கிறது. பழைய வண்டி விற்கும் டீலர், பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். வண்டி டீலரிடம் ஒப்படைக்கப்பட்டதை ஃபார்ம் 29சி மூலம் தெரிவித்துவிட்டால், அந்த வண்டிக்கு அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். ட்ரையல், சர்வீஸ் போன்ற தேவைகளைத் தவிர அதை ரோட்டில் ஓட்டவும் கூடாது. எனவே விற்பவர் கேட்க வேண்டியது இரண்டே கேள்வி: அங்கீகாரச் சான்று இருக்கிறதா? 29சி போட்டாச்சா?

வாங்கிய பிறகு என்ன செலவு?

2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 150 முதல் 350 சிசி வரை மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு வருடத்துக்கு ரூ.1,366. 350 சிசிக்கு மேல் ரூ.2,804. ஜி.எஸ்.டி. தனி. ஆர்15-ன் இன்ஜின் 155 சிசி என்பதால் அதுவும் 150-க்கு மேற்பட்ட பிரிவில்தான் வரும். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் முதல் முறை அபராதமே 2 ஆயிரம் ரூபாய்.

ஆனால், கையைக் கடிப்பது இன்சூரன்ஸ் இல்லை, ஸ்பேர் பார்ட்ஸ். சாதா பைக் கீழே விழுந்தால் ஒரு இண்டிகேட்டரும் லிவரும் போகும். ஸ்போர்ட்ஸ் பைக் நின்ற இடத்திலேயே சாய்ந்தால்கூட ஃபேரிங் உடையும். அகலமான ரேடியல் டயர்கள் விலை அதிகம். செயினைச் சுத்தம் செய்து லூப் போடாமல் ஓட்டினால் ஸ்ப்ராக்கெட்டோடு சேர்த்து மாற்ற வேண்டிவரும்.

இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. பேரம் முடிக்கும் முன், அந்த மாடலின் சர்வீஸ் சென்டரில் ஐந்து பொருட்களின் விலையைக் கேட்டு எழுதிக்கொள்ளலாம்: இரண்டு டயர், செயின் ஸ்ப்ராக்கெட் செட், பிரேக் பேட், கிளட்ச் பிளேட், ஒரு பக்க ஃபேரிங். பார்த்த வண்டியில் எவையெல்லாம் தேய்ந்திருக்கின்றனவோ அவற்றைக் கூட்டி, கேட்ட விலையில் இருந்து கழித்தால் நியாயமான விலை வந்துவிடும். புதுப்பேட்டையில் மலிவாகக் கிடைக்கும் என்பதை நம்பி இந்தக் கணக்கைத் தள்ளிப்போடக் கூடாது. பழைய ஃபேரிங் வாங்கலாம், பழைய பிரேக் பேட் வாங்க முடியாது.

பழைய ஓனர் மாட்டிய சவுண்டு சைலன்சரும் ஒரு செலவுதான். நிறுவனம் கொடுத்த அமைப்பை மாற்றி ஓட்டுவது சட்டப்படி குற்றம். 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை. சைலன்சரை மாட்டியது பழைய ஓனராக இருந்தாலும், பிடிபடும்போது ஓனராக இருப்பவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஒரிஜினல் சைலன்சரையும் சேர்த்து வாங்கி, மாட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்புவதே புத்திசாலித்தனம்.

ஆன்லைன் விளம்பரத்தில் எதற்கு எச்சரிக்கை?

"நான் ஆர்மியில இருக்கேன், டிரான்ஸ்ஃபர் ஆயிடுச்சு, வண்டியை அவசரமா விக்கணும்" என்று ஆரம்பித்து, அடையாள அட்டை போட்டோ அனுப்பி, பார்சல் செலவுக்கு முன்பணம் கேட்பது பழகிப்போன மோசடி. பைக்கை நேரில் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம். விற்பவர்களுக்கும் இதில் பாடம் உண்டு: பணம் வாங்குவதற்கு யு.பி.ஐ. பின் போடத் தேவையே இல்லை. பின் கேட்டால் பணம் போகப்போகிறது என்று அர்த்தம். ஏமாந்துவிட்டால் உடனே 1930 எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

மொத்தத்தில் என்ன செய்ய வேண்டும்?

இன்றைய புது விலையில் தொடங்கி, வயதுக்கான தேய்மானத்தைக் கழித்து, தேய்ந்த பாகங்களைக் கழித்து ஒரு விலைக்கு வரலாம். அந்த விலையிலும் ஒரு பகுதியை, பெயர் மாற்ற விண்ணப்பம் ஏற்கப்பட்ட ரசீது கைக்கு வந்த பிறகு தருவதாக இரண்டு பேரும் எழுதிக்கொள்ளலாம். வாங்குபவருக்கு வண்டி தன் பெயருக்கு வரும் என்ற உறுதி. விற்பவருக்குத் தன் பெயர் அந்த வண்டியில் இருந்து போகும் என்ற உறுதி.

"மெதுவா பண்ணிக்கலாம் ப்ரோ" என்று யார் சொன்னாலும் பதில் ஒன்றுதான்: "இன்னைக்கே பண்ணிடலாம் ப்ரோ. சாவியை அப்புறமா குடுங்க."